பாதி கரண்டில் பாதி கிராப்பு

முடிவெட்டும் மெஷினின் பிளக்குக்குக் கால்கள் உருண்டை. சுவரில் இருந்த ஓட்டைகளோ தட்டை.

"கொஞ்சம் அழுத்திக் குத்துங்க மாமா, போகும்," என்றார் மாப்பிள்ளை. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன பஸ்ஸா மாப்பிள்ளை, இடிச்சுத் தள்ளிக்கிட்டு ஏற?" என்றார் சலூன்காரர்.

ஊரில் அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, முப்பத்துநாலு வருடம். மகள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்ட வாடிக்கையாளர்கள்கூட உண்டு.

பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் உருண்டை உருண்டையாகவே இருந்தது. நேரம் மதியம் இரண்டு. நாளைக் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளைக்கு இன்டர்வியூ.

சாதாரண இன்டர்வியூ இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. மகள்தான் போனில் சொன்னாள். அதுவரை அவள் எத்தனையோ முறை கூப்பிட்டும், "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா விமானம்? தரையிலேயே தடுமாறிக்கிட்டு இருக்கேன்," என்று தட்டிக்கழித்தவர், "அவருக்கு வேலை போயிடுச்சுப்பா. வீட்ல பெரியவங்க ஒருத்தர் இருந்தா அவருக்கும் தைரியமா இருக்கும்," என்று கேட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டார்.

விமான நிலையத்தில் மாப்பிள்ளையைப் பார்த்ததுமே அவருக்குப் பகீரென்றது. காதை மூடி, காலரைத் தாண்டி, நெற்றியில் விழுந்து, ஒரு தலையில் மூன்று தலைக்கான முடி. கவலைப்படுகிற மனுஷன் முதலில் மறப்பது முடிவெட்டிக்கொள்வதைத்தான் என்று அவருடைய முப்பத்துநாலு வருட அனுபவம் சொன்னது. 'ரொம்பத்தான் உடைஞ்சு போயிட்டார்' என்று நினைத்துக்கொண்டார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார்.

நேற்று மகள் சலித்துக்கொண்டாள். "நாளன்னிக்கு இன்டர்வியூ. கடைக்குப் போய் வெட்டிக்கிட்டு வாங்கன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறார்ப்பா."

"நான் ஒருத்தன் வீட்ல இருக்கும்போது கடையா?" என்றார் சலூன்காரர்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஏழு மாதமாக அவர் கடையையே திறக்கவில்லை. மனைவி மருத்துவமனையில் இருந்தபோது, மருந்துக்கு உதிர்ந்ததுபோக மிஞ்சியிருந்த முடியை அவர்தான் கத்திரியால் எடுத்துவிட்டார். "தெரிஞ்ச கஸ்டமர்தானேன்னு அவசர அவசரமா வெட்டாதீங்க," என்று அவள் கண்டித்தாள். அவசரப்படாமல்தான் வெட்டினார். அதற்குப் பிறகு கத்திரியைக் கையில் எடுத்தாலே விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. கடையில் ஒருவர் காதில் கீறல் விழுந்த அன்று ஷட்டரை இறக்கியவர், மறுபடி ஏற்றவில்லை.

பெட்டியில் கொண்டுவந்த கடை மெஷின் என்றால் சமாளிக்கலாம். சீப்பை மாட்டிக்கொண்டு தலைமேல் ஓட்டினால் போதும். மெஷினே நடுங்குகிற ஜாதி, அதில் கை நடுங்குவது யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கில்தான் சம்மதித்தார். ஆனால் முதல் படியிலேயே ஓட்டை தட்டை.

"எங்கிட்ட அடாப்டர் இருக்கு," என்று ஞாபகம் வந்தவராகப் பெட்டியைத் திறந்தார். கிளம்புவதற்கு முன்னால் டவுனில் வாங்கியது. 'இதை வச்சுக்கிட்டு நீங்க நிலாவுக்கே போலாம் சார்,' என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் தள்ளினால் உருண்டைக் கால் உள்ளே போய்த் தட்டைக் கால் வெளியே வந்தது. ஆமை மாதிரி.

செருகினார். கச்சிதமாகப் போனது. சுவிட்சைப் போட்டார்.

வழக்கமாக 'ர்ர்ர்ர்' என்று பாய்கிற மெஷின், தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி 'ம்ம்ம்ம்' என்றது. புது ஊர், பழக வேண்டாமா என்று நினைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். மெஷின் முடியைப் பிடித்தது. வெட்டவில்லை. விடவும் இல்லை.

"மாமா, வலிக்குது."

"ஒரு நிமிஷம்... கையை எடுத்துட்டேன்."

"கையை எடுத்துட்டீங்கன்னா மெஷினை யாரு பிடிச்சிருக்கா?"

"நீங்கதான் மாப்பிள்ளை."

மெஷின் அவர் காதோரம் பெரிய கறுப்புக் கம்மல் மாதிரி தானாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள்.

"அப்பா, இங்க கரண்டு நூத்திப்பத்துதான். நம்ம ஊர்ல இருநூத்தி முப்பது. அடாப்டர் பிளக்கோட காலைத்தான் மாத்தும், கரண்டை மாத்தாது."

"நிலாவுக்கே போலாம்னானே?"

"போலாம். அங்க போயும் இதே மாதிரி தொங்கும்."

"பாதி கரண்டுதானா?" சலூன்காரருக்கு நம்பவே முடியவில்லை. "பெரிய நாடு, பெரிய நாடுன்னு சொன்னீங்களேம்மா!"

அரைமணி நேரம் சீப்பின் முனையால் ஒவ்வொரு முடியாக விடுவித்தார். மெஷின் கழன்றது. கழன்ற இடத்தில் எலி கடித்த மாதிரி ஒரு வட்டம்.

"மாப்பிள்ளை, பேசாம கடைக்குப் போய் வெட்டிக்கங்க. நான் வேணா கூட வர்றேன்."

"இந்தக் காதோட எப்படி மாமா தெருவுல போறது? நீங்க ஆரம்பிச்சதை நீங்களே முடிச்சு விட்டுடுங்க." மாப்பிள்ளை மேசை இழுப்பறையைக் குடைந்து, சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார். "இது கன்வெர்ட்டர். கரண்டையே மாத்துறது. உங்க பொண்ணோட ஹேர் டிரையருக்காக வாங்கினது."

அதில் செருகினால் மெஷின் 'ம்ம்ம்' என்றுகூடச் சொல்லவில்லை.

"அது இருநூறை நூறாக்குறதுப்பா!" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. "நம்ம ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறது!"

"அப்ப திருப்பிச் செருகினா நூறை இருநூறாக்காதா?"

"அப்பா, நான் மீட்டிங்ல இருக்கேன்!"

மாப்பிள்ளை துணியை உதறிக்கொண்டு எழுந்தார். "மேல்வீட்ல ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கு மாமா. ஊர்லேருந்து கொண்டுவந்த மிக்ஸியை அதுலதான் ஓட்டுறாங்க. வாங்கிட்டு வந்துடறேன்."

"இருங்க, நானும் வர்றேன். கனமா இருக்குமில்ல?"

"வேண்டாம், வேண்டாம்!" மாப்பிள்ளையின் குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்தது. "நீங்க மெஷினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. நான் ஓடி வந்துடறேன்."

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். பாவம், வேலையில்லாதவரைப் பார்த்தால் நாலுபேர் நாலு கேள்வி கேட்பார்கள், மாமனாருக்கு முன்னால் அது வேண்டாமென்று நினைக்கிறார் என்று சலூன்காரர் புரிந்துகொண்டார். எண்ணெய் விட்டார்.

மாப்பிள்ளை கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி டிரான்ஸ்பார்மரைத் தூக்கி, கடைசிப் படிக்கு வரும்போது கேஸ் சிலிண்டரைத் தூக்குகிற மாதிரி வந்து சேர்ந்தார். இரும்புப் பெட்டி. குளியலறைத் தரையில் வைத்தபோது வீடே 'உம்' என்றது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

சலூன்காரரின் மனைவி இருந்திருந்தால் முதலில் அதைத்தான் படித்திருப்பாள். வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் அதனுடன் வருகிற காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்த பிறகுதான் சுவிட்ச் பக்கம் கையை விடுவாள். "'தண்ணீருக்குள் முழுக வைக்காதீர்கள்'னு போட்டிருக்குங்க," என்பாள். "மின்விசிறியை யாருடி முழுக வைப்பாங்க?" என்பார் இவர். "போட்டிருக்குன்னா எவனோ வச்சிருக்கான்," என்பாள். அவள் படிப்பாள் என்பதாலேயே இவர் ஆயுளில் எதையும் படித்ததில்லை. இப்போதும் படிக்கவில்லை.

சுவிட்சைப் போட்டார். 'டொம்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு.

"ஹலோ? ஹலோ?" என்று மகளின் குரல். பிறகு, "அப்பா!"

"என்னம்மா ஆச்சு?"

"மேனேஜர்கிட்ட 'இந்த வாரம் என்னால முடியாது'ன்னு சொல்லிட்டு, 'அடுத்த வாரம் முடிச்சுக் கொடுத்துடறேன்'னு சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சுப்பா!"

சலூன்காரர் சட்டென்று சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். ஒரு வேலை ஏற்கெனவே போன வீடு. மிச்சமிருந்த இன்னொன்றையும் தானே பிடுங்கிவிட்டோமா?

"முடியாதுங்கிறதை அவ்வளவு கறாரா நீ சொல்லி நானே கேட்டதில்ல," என்றார் மாப்பிள்ளை இருட்டிலிருந்து.

"நீங்க வாயை மூடுங்க. தலையில எலி கடிச்சவருக்குப் பேச்சைப் பாரு!"

சுவிட்ச் பெட்டி துணி அலமாரிக்குள் இரண்டு சூட்கேஸ்களுக்குப் பின்னால் இருந்தது. சூட்கேஸ்களை வெளியே இழுத்து, டார்ச் அடித்து, விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினார்கள். வெளிச்சம் வந்தது. டிரான்ஸ்பார்மரைப் போட்டார்கள். 'டொம்'. மறுபடி சூட்கேஸ், டார்ச், சுவிட்ச். மூன்றாம் முறை, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டர், துணி துவைக்கிற மெஷின், காபி மெஷின் என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போட்டார்கள். இரும்புப் பெட்டி ஒரு தடவை உறுமிவிட்டு, தும்மி முடித்த மனுஷன் மாதிரி அமைதியாயிற்று.

மெஷின் 'ர்ர்ர்ர்' என்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏழு மாதம் ஆகிறது. சலூன்காரருக்குத் தோள் தானாகவே நிமிர்ந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் மாப்பிள்ளையின் உச்சந்தலையைத் தொட்டு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பின.

"குனிங்க. இன்னும் கொஞ்சம். முழங்காலைப் பாருங்க. ஆங், அப்படியே." பிடரியிலிருந்து ஏறி, காதைச் சுற்றி வளைந்து, கிருதாவுக்கு வந்தார். "கிருதாவை இறக்கி வைக்கவா சார், ஏத்திடவா?"

"உங்க இஷ்டம் மாமா."

"சாரி மாப்பிள்ளை. பழக்க தோஷம்."

"பரவாயில்ல. இந்த வீட்ல எனக்கு இன்னிக்குத்தான் ஒரு மரியாதை கிடைச்சிருக்கு."

இடது பக்கம் முடிந்தது. மாப்பிள்ளை பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று இருந்த முகத்தில் பாதி அப்படியே கண்ணாடியில் நின்றது.

வலது பக்கத்துக்கு ஒயர் எட்டவில்லை. டிரான்ஸ்பார்மரை நகர்த்துவதைவிட மாப்பிள்ளையை நகர்த்துவது சுலபம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை நாற்காலியோடு எழுந்து, நாற்காலியோடு திரும்பினார். நாற்காலிக்கால் ஒயரைப் பிடித்து இழுத்தது. சாதாரண நாளாக இருந்தால் சலூன்காரரின் பிடியில் மெஷின் நின்றிருக்கும். இன்று நிற்கவில்லை. தரைக் கல்லில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. கத்தியில் நாலு பல் தெறித்து எங்கோ போயிற்று.

சலூன்காரர் குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கினார்.

"கை நழுவிடுச்சு," என்றார் சலூன்காரர்.

"தரை வழுக்கல் மாமா."

"நான் நடக்கவே இல்லையே மாப்பிள்ளை. தரை எப்படி என் கையை வழுக்கும்?"

மாப்பிள்ளை துண்டைத் தேடினார். "மேல்வீட்டுக்காரர் இன்னிக்கு வீட்லதான் இருக்கார். தனக்குத்தானே முடிவெட்டிக்கிறவர். மெஷின் வச்சிருப்பார். வாங்கிட்டு வரேன். நீங்க உட்காருங்க, நானே போறேன்."

"மாப்பிள்ளை, எனக்கு என்னமோ இது..."

"பாதித் தலையோட இன்டர்வியூவுக்குப் போனா, பாதிச் சம்பளம்தான் மாமா கொடுப்பாங்க."

அதைக் கேட்டதும் சலூன்காரருக்கு வைராக்கியம் வந்துவிட்டது. அந்த வேலை இந்தத் தலைக்குக் கிடைத்தே ஆகவேண்டும். இந்த நாட்டுக் கரண்டு பாதி என்றால் பாதி. தன் பக்கத்தில் பாதி இருக்கக் கூடாது.

மேல்வீட்டு மெஷின் இந்த நாட்டிலேயே வாங்கியது. பளபளவென்று, கைக்கு அடக்கமாக இருந்தது. மாப்பிள்ளை துணியைக் கட்டிக்கொண்டு முழங்காலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சலூன்காரர் பிளக்கைக் கையில் எடுத்தார். மதியம் இரண்டு மணியிலிருந்து பட்ட பாட்டில் அவர் ஒரு பாடம் கற்றிருந்தார்: இந்த நாட்டுக் கரண்டு சோப்ளாங்கி, இரும்புப் பெட்டி வழியாக வந்தால்தான் எதுவும் ஓடும். சுவரை விட்டுவிட்டு, நேராக டிரான்ஸ்பார்மரில் செருகினார்.

மெஷின் ஓடவில்லை. அலறியது.

நூற்றுப்பத்துக்குப் பிறந்த மெஷினுக்குள் இருநூற்றி இருபது புகுந்தால் என்ன ஆகும் என்பதை எட்டு விநாடியில் காட்டியது. அவர் கையையும் இழுத்துக்கொண்டு வலது நெற்றியிலிருந்து கிளம்பி, உச்சி வழியாகப் பிடரிவரை ஒரே ஓட்டமாக ஓடி, அங்கே போய்ப் புகைந்து, நின்றது.

உத்தரத்தில் இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது.

"அப்பா, என்னப்பா எரியுது?"

"உன் வீட்டுக்காரர் இல்லம்மா, மெஷின்!"

மாப்பிள்ளை நாற்காலிமேல் ஏறி, துண்டால் அலாரத்துக்கு விசிறினார். வாசலில் மணி அடித்தது. "என்ன சார், எல்லாரும் சௌக்கியமா?" என்று மேல்வீட்டுக்காரரின் குரல். சலூன்காரர் மன்னிப்புக் கேட்கலாமென்று நடந்தார். அதற்குள் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து குதித்து, அவரை முந்திக்கொண்டு ஓடி, கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்திவிட்டு வெளியே நின்று பேசினார். மேல்வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு கதவைத் தாண்டிக் கேட்டது.

மாப்பிள்ளை திரும்பி வந்ததும் மூன்றுபேரும் அவர் தலையைக் கண்ணாடியில் பார்த்தார்கள். இடது பக்கம் மணமகன். வலது பக்கம் தலைமறைவுக் குற்றவாளி. இரண்டுக்கும் நடுவே புதிதாகப் போட்ட நேர்ச்சாலை.

மகள் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து, ஹெட்போன் நழுவி விழ, விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அம்மா இருந்திருக்கணும்ப்பா," என்றாள்.

"இருந்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது," என்றார் சலூன்காரர். "அந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஒட்டியிருக்கறதைப் படிச்சுட்டு, என்னை ஒதுங்கி நில்லுன்னிருப்பா."

பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லலாமா மாப்பிள்ளை?"

"தள்ளிவைக்க மாட்டாங்க மாமா. பத்து மணின்னா பத்து மணி."

"தொப்பி?"

"தொப்பியோட உட்கார்ந்தா மரியாதைக் குறைவுன்னு நினைப்பாங்க."

"அப்ப மொட்டைதான்."

"மாமா!"

"சரி, கத்திரியால எடுத்துடலாமேப்பா," என்று மகள் எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஆரஞ்சுப் பிடி போட்ட கத்திரி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

சலூன்காரர் அதை வாங்கி, விரலில் மாட்டி, ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியது.

"என்னம்மா இது?"

"கத்திரிப்பா."

"இதுவா? இதுல பால் பாக்கெட் வெட்டலாம். மாப்பிள்ளை தலையை வெட்டலாமா? முப்பத்துநாலு வருஷம் தொழில் பண்ணினவன் கையில கொடுக்கிற சாமானா இது?" கோபமாகவே கூடத்துக்குப் போனார். பெட்டியின் அடியில் வேட்டிக்கு நடுவே, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த தன் கத்திரியை எடுத்தார். எதற்கென்று தெரியாமலேயே கிளம்பும்போது வைத்தது.

திரும்பி வந்து மாப்பிள்ளையின் பின்னால் நின்றபோதுதான் கோபம் வடிந்தது. கை நடுங்கியது. கண்ணாடியில் மாப்பிள்ளை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முழங்காலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"மாப்பிள்ளை, காதுல பட்டா சொல்லிடுங்க."

"ரெண்டு காது இருக்கு மாமா. நீங்க வெட்டுங்க."

வெட்டினார். நடுங்கிக்கொண்டேதான் வெட்டினார். முதலில் காட்டைக் குறைத்தார். சாலையின் இரண்டு ஓரத்தையும் சரித்து இறக்கினார். பிறகு இடது பக்கத்தையும் கலைத்து, வலதுக்குச் சமமாகக் குறைத்தார். சீப்பில் தூக்கி, நுனியில் நறுக்கி, எட்டி நின்று பார்த்து, மறுபடி கிட்டே வந்தார். மகள் மீட்டிங்கை மறந்து வாசலிலேயே நின்றாள். "தெரிஞ்ச மனுஷன்தானேன்னு அவசர அவசரமா வெட்டிடக் கூடாது," என்று தனக்குத்தானே ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டார். நடுக்கம் எந்த நேரத்தில் நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. கவனித்தபோது பிடரியில் கடைசி வரிசை நேராக விழுந்திருந்தது.

ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. மாப்பிள்ளை எழுந்து கண்ணாடியில் இரண்டு பக்கமும் பார்த்தார். ரொம்பக் குட்டைதான். ஆனால் சாலை இருந்த இடம் தெரியவில்லை. இந்தத் தலைக்கு வேலை கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள்.

"மாமா," என்றார் மாப்பிள்ளை. கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். சலூன்காரர் அவரை வாசலில் நிறுத்தி, கழுத்தில் ஒட்டியிருந்த ஒரே ஒரு முடியைத் தட்டிவிட்டு, "பதட்டப்படாம பேசுங்க," என்று அனுப்பினார்.

பிறகு எரிந்துபோன மெஷினை ஒரு பையில் போட்டுக்கொண்டார். "அதை அவரே சாயங்காலம் வந்து கொடுத்துடுவார்," என்று ராத்திரியே மகள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை மூன்று முறை சொல்லியிருந்தார். ஆனால் எரித்தவன் கொடுப்பதுதானே முறை? மகள் மீட்டிங்கில் பேசிக்கொண்டே, கதவிடுக்கு வழியாக இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி ஏதோ ஜாடை காட்டினாள். போய்வரச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அவரும் கையை ஆட்டிவிட்டு மாடி ஏறினார்.

மேல்வீட்டுக்காரர் ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கால் ஷூவோடு கதவைத் திறந்தார்.

"நான் கீழ்வீட்டு..."

"சலூன் மாமாதானே! வாங்க, வாங்க, உள்ள வாங்க."

"உட்காரலைங்க. உங்க மெஷினை எரிச்சது நான்தான். மாப்பிள்ளைமேல எதுவும் வருத்தம் வச்சுக்காதீங்க. நான் இங்க இருக்கிறவரைக்கும் உங்க தலை என் பொறுப்பு. மெஷின் கிடையாது, கத்திரிதான்."

"அட, அதுக்கென்ன மாமா!" மேல்வீட்டுக்காரர் தானே வெட்டிக்கொண்ட தன் பிடரியைத் தடவிப் பார்த்தார். அந்தப் பிடரிக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது. "ஞாயித்துக்கிழமை காலையில வரட்டுமா?"

"வாங்க. சீக்கிரமே வந்துடுங்க, நிதானமா பண்ணணும்." திரும்பியவர், ஒரு படி இறங்கிவிட்டு நின்றார். "இன்னொரு விஷயம் தம்பி. இன்னிக்குப் பத்து மணிக்கு மாப்பிள்ளைக்கு இன்டர்வியூ. நாலு மாசமா வேலையில்லாம மனுஷன் நொந்து போயிருக்கார். நல்லபடியா கிடைக்கணும்னு நீங்களும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க."

மேல்வீட்டுக்காரர் இன்னொரு ஷூவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"வேலையில்லையா? என்ன மாமா சொல்றீங்க, எங்க ஆபீஸ்ல எனக்கு மேனேஜரே அவருதானே. நீங்க வந்ததுலேருந்து லீவு, அவ்வளவுதான். 'எங்க மாமா மறுபடியும் கத்திரியைக் கையில எடுக்கிறவரைக்கும் நான் முடிவெட்டிக்கப் போறதில்ல'ன்னு நாலு மாசமா அந்தக் கோலத்துலயேதானே தினம் வேலைக்கு வந்துட்டிருந்தாரு!"